சாயங்காலத்துக்குள் ஒரு குரல்

அண்ணனின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலையில், அவர் வேலை பார்த்த கம்பெனியிலிருந்து அண்ணிக்குப் போன் வந்தது. அண்ணனிடம் இருந்த லேப்டாப் கம்பெனியுடையது, சாயங்காலம் ஆள் வந்து வாங்கிக்கொள்வார், உள்ளே சொந்தப் படங்கள் இருந்தால் அதற்குள் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், இங்கே வந்து சேர்ந்ததும் எல்லாவற்றையும் அழித்துவிடுவோம், வழக்கம் அப்படி என்றார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள். சாவு வீட்டில் எல்லாரும் மரியாதையாகத்தான் பேசுகிறார்கள்.

அண்ணி போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"தம்பி, உங்களுக்குத்தான் கம்ப்யூட்டர் தெரியுமே."

என் வாழ்க்கையின் பாதி விபத்துகள் இந்த வாக்கியத்தில்தான் ஆரம்பித்திருக்கின்றன. அப்போது மல்லேஸ்வரத்தில் ஒரு அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகைகளுக்குப் பக்கம் கட்டிக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியைப் போட்டு லினக்ஸ் கற்றுக்கொண்டவன். கற்றுக்கொண்டவன் என்பதைவிட, மதம் மாறியவன் என்று சொல்லலாம். சொந்தக்காரர்கள் யாராவது கம்ப்யூட்டரில் வைரஸ் என்று கூப்பிட்டால் "விண்டோஸைத் தூக்கிப் போட்டுட்டு லினக்ஸ் போடுங்க" என்று ஒரு மணி நேரம் பிரசங்கம் செய்வேன். மெல்ல மெல்ல எல்லாரும் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். வைரஸே பரவாயில்லை என்று முடிவு செய்திருக்க வேண்டும்.

அண்ணன் என்னைப் போல இல்லை. பேச்சு குறைவு. எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை, ஹெப்பகோடியில் மாடி வீட்டு வாடகை, கல்யாணமாகிப் பல வருடம் கழித்துப் பிறந்த ஒரே பெண் குழந்தை. கேண்டீன் வரிசையில் கையில் தட்டோடு நின்றபடியே சரிந்து விழுந்தார். தட்டு முதலில் விழுந்ததா, அவர் முதலில் விழுந்தாரா என்று கூட வேலை பார்த்தவர்கள் காரியத்துக்கு வந்த இடத்தில் வாதம் செய்துகொண்டிருந்தார்கள்.

"படமெல்லாம் நெறைய இருக்கு தம்பி," என்றார் அண்ணி. "எதுலயும் அவர் இல்ல. எடுத்தவரே அவருதானே. ஆனா வீடியோ எடுக்கறப்போ பின்னாடி நின்னு பாப்பாகிட்ட பேசிக்கிட்டே எடுப்பாரு. அந்தக் குரல் வேணும் எனக்கு. இவளுக்கு அஞ்சு வயசு. மொகத்தையாவது கல்யாண போட்டோ வெச்சுக் காட்டலாம். குரலை எங்க போய்க் காட்டுவேன்?"

பாப்பா பக்கத்து அறையில் யாருடைய செருப்பையோ போட்டுக்கொண்டு நடை பழகிக்கொண்டிருந்தாள்.

"அஞ்சு நிமிஷ வேலை அண்ணி," என்றேன். இப்படிச் சொல்வதற்கு என்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

நகலெடுக்க வெளியே மாட்டும் டிஸ்க் ஒன்று வேண்டும். கம்ப்யூட்டர் சாமான் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டுக்குப் பஸ் பிடித்தேன். ஓசூர் ரோடு முழுக்க மேம்பாலத்துக்காகத் தோண்டிப் போட்டிருந்த காலம் அது. பஸ் நகர்ந்ததைவிட நின்றதுதான் அதிகம். கடைக்காரர் ஒரு சின்ன ஹார்ட் டிஸ்க்கை அலுமினியக் கேசிங்குக்குள் வைத்துத் திருகி, ஒரு கேபிளைக் கொடுத்தார்.

"அண்ணா, கேபிளுக்கு இந்தப் பக்கம் ரெண்டு தலை பாருங்க. ரெண்டையும் லேப்டாப்புல சொருகணும். நீளமா இருக்கறதுல டேட்டா போவும். குட்டையா இருக்கறது சும்மா கரண்ட் எடுக்கும். ஒண்ணு மட்டும் சொருகினா டிஸ்க் எழுந்துக்காது. அப்புறம் என்கிட்ட வந்து கத்தாதீங்க."

"எனக்கே சொல்றீங்களா?" என்றேன் நான், லினக்ஸ்காரனுக்குரிய திமிரோடு.

திரும்பி வரும்போது மத்தியானம் தாண்டிவிட்டது. ஹாலில் அண்ணியின் அண்ணன் உட்கார்ந்திருந்தார். திருவண்ணாமலையில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருப்பவர். என்னை மாப்ள என்று கூப்பிடுவார், நான் அவரை மாமா என்பேன். சோகத்தை வாயாலேயே சமாளிக்கிறவர். அந்த விஷயத்தில் எங்கள் இருவருக்கும் ஒரே வியாதி.

லேப்டாப்பின் பாஸ்வேர்ட் யாருக்கும் தெரியவில்லை. பாப்பாவின் பெயர், அண்ணியின் பெயர், குலதெய்வம் வரை போட்டுப் பார்த்தோம்.

"உன் பேரைப் போட்டியா மாப்ள?"

"என் பேரையா? என் பேரைப் போட்டா லேப்டாப்பே அணைஞ்சுடும் மாமா."

பாஸ்வேர்ட் தேவையில்லை என்று என் பையிலிருந்து லினக்ஸ் சிடியை எடுத்தேன். கம்ப்யூட்டருக்குள் எதையும் நிறுவாமல் சிடியிலிருந்தே ஓடக்கூடியது. போட்டதும் ஓடியது. அண்ணனின் டிஸ்க்கைத் திறந்தது. படங்களும் வீடியோக்களும் கேமரா வைத்த எண்களோடு அப்படியே கிடந்தன. அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கு ஏதோ நானே அண்ணனை உயிரோடு கொண்டுவந்துவிட்ட மாதிரி ஒரு பெருமை. கேபிளின் இரண்டு தலைகளையும் சொருகி, நகலெடுக்கச் சொன்னேன்.

மீதி நேரம் என்று ஒரு கணக்கு திரையில் வந்தது. முதலில் இரண்டு மணி நேரம் என்றது. தப்பாக இருக்கும் என்று நினைத்துக் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். அதற்குள் நான்கு என்றது. தண்ணீர் குடித்துவிட்டு வந்தால் ஏழு. உலகத்தில் வேலை நடக்க நடக்க மீதி வேலை ஏறிக்கொண்டே போவதை அன்றுதான் பார்த்தேன்.

"என்ன மாப்ள, லோடு ஏறலியா?"

"ஏறுது மாமா. மெதுவா ஏறுது."

"சாயந்தரம் வண்டி எடுக்கறாங்க, ஞாபகம் இருக்கா?"

இருந்தது. பயந்துபோன மனிதன் செய்யும் காரியங்களை வரிசையாகச் செய்தேன். டிஸ்க்கைத் தொட்டுப் பார்த்தேன், காய்ச்சல் பார்ப்பதுபோல. வாயால் ஊதினேன். மின்விசிறியை நிறுத்தினேன். பிறகு டிஸ்க் சூடாகுமே என்று மறுபடி போட்டேன். அறைக்குள் யாரும் அழுத்தமாக நடக்கக் கூடாது என்று உத்தரவு போட்டேன். எண்பது கிலோ மாமா விரல் நுனியில் நடந்து கக்கூஸுக்குப் போனார்.

பிறகு அறிவு வேலை செய்ய ஆரம்பித்தது. அது பயத்தைவிட ஆபத்தானது. விண்டோஸ் டிஸ்க்கை லினக்ஸ் படிப்பதால் தாமதம் என்றேன். ஒரு படத்தைக் கம்ப்யூட்டரின் நினைவகத்துக்கு மட்டும் நகலெடுத்துப் பார்த்தேன், கண் மூடித் திறப்பதற்குள் வந்து விழுந்தது. ஆக, படிப்பதில் குறையில்லை, வெளி டிஸ்க்கில் எழுதுவதில்தான். அப்படியானால் டிஸ்க்கை இணைத்த முறை தப்பு. ஒவ்வொரு துளியையும் டிஸ்க்கில் எழுதி முடித்த பிறகே அடுத்த துளியைத் தொடு என்று ஒரு ஏற்பாடு லினக்ஸில் உண்டு. இந்த சிடி அப்படித்தான் இணைத்திருந்தது. கண்டுபிடித்துவிட்டேன்! அதை நீக்கிவிட்டு மறுபடி இணைத்து, ஒரு சின்னக் கோப்புறையை நகலெடுத்தேன்.

பறந்தது. கோடு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஒரே பாய்ச்சல்.

"முடிஞ்சுது!" என்று எழுந்து நின்று கத்தினேன். சாவு வீட்டில் ஒருவன் கையை உயர்த்திக் குதித்தால் எப்படி இருக்கும்? காப்பி டம்ளரோடு வந்த பக்கத்து வீட்டம்மா அப்படியே திரும்பிப் போய்விட்டார்.

அண்ணி மெதுவாகக் கேட்டார். "முடிஞ்சுதுன்னா, அந்த லைட் ஏன் தம்பி இன்னும் மின்னிக்கிட்டே இருக்கு?"

டிஸ்க்கின் சிறிய நீல விளக்கு விடாமல் துடித்துக்கொண்டிருந்தது. கேபிளைக் கழற்றுமுன் டிஸ்க்கின் இணைப்பைப் பிரிக்கச் சொல்லிக் கட்டளை கொடுத்தேன். பதில் வரவில்லை. அது எழுதிக்கொண்டே இருந்தது, பழைய வேகத்திலேயே. தைத்துவிட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டு, நாம் வாசலுக்குப் போனபோது துணியையே இன்னும் வெட்டாமல் உட்கார்ந்திருக்கும் தையல்காரன் மாதிரி, லினக்ஸ் எல்லாவற்றையும் நினைவகத்தில் வாங்கிப் போட்டுக்கொண்டு முடிந்தது என்று என்னிடம் சொல்லியிருந்தது. நான் அந்தச் சந்தோஷத்தில் கேபிளைப் பிடுங்கியிருந்தால் டிஸ்க்கில் வெறும் பெயர்கள்தான் மிஞ்சியிருக்கும். உட்கார்ந்தேன்.

"எல்லாம் வராதா?" என்றார் அண்ணி.

பொய் சொல்ல நினைத்தேன். வாய் வரவில்லை. "இந்த வேகத்துல வராது அண்ணி. கொஞ்சம்தான் எடுக்க முடியும். எது வேணும்னு நீங்க சொல்லிடுங்க, அதை முதல்ல ஏத்திடறேன்."

"அவர் பேசறது எதுல இருக்கோ அது."

அங்கேதான் எனக்கு அடுத்த அடி. வீடியோவைப் போட்டால் படம் ஓடியது, சத்தம் வரவில்லை. அந்த லேப்டாப்பின் ஒலி அட்டையை என் சிடிக்கு அடையாளம் தெரியவில்லை. வருடக்கணக்காக ஊர் முழுக்க லினக்ஸின் பெருமையைக் கத்திய என் வாய்க்குத் தண்டனையாக, அன்று பார்த்து லினக்ஸ் ஊமையாக நின்றது.

ஆக, ஒரு குரலைத் தேடி அண்ணி ஊமைப் படம் பார்த்தார். கப்பன் பார்க்கில் பாப்பா, பிறந்தநாள் கேக்கின் முன் பாப்பா, பால்கனியில் பாப்பா. குழந்தையின் முகத்தை மட்டும் பார்த்து, கேமராவுக்குப் பின்னால் பேச்சு இருக்கிறதா என்று அவர் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

"இதுல சிரிக்கிறா பாருங்க, கேமராவைப் பார்த்து. அவர் ஏதோ சொல்லியிருக்காரு. இதை எடுங்க." "இதுல எங்கேயோ பார்க்கிறா. வேணாம்." "இது என்ன, வெறும் தரையா? இதை விடுங்க, கடைசியில பாத்துக்கலாம்."

அவர் சொல்லச் சொல்ல நான் குறித்துக்கொண்டே வந்தேன். புருஷனின் குரலை இது வேண்டும், இது வேண்டாம் என்று ஒரு பெண் பிரித்து வைப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பது போலக் கொடுமை வேறு இல்லை. அவரை அந்த இடத்தில் உட்கார வைத்தது என் அஞ்சு நிமிஷ வேலை.

வெயில் ஜன்னலைவிட்டு இறங்கிக்கொண்டிருந்தது. வேறு வழி தெரியாமல், லினக்ஸ் உள்ளுக்குள் என்னதான் எழுதி வைக்கிறது என்று அதன் செய்திகளை எடுத்துப் படித்தேன். டிஸ்க்கைச் சொருகிய ஒவ்வொரு முறையும் ஒரே வரியை எழுதியிருந்தது: மாட்டியிருக்கும் சாதனம் வேகமாக ஓடக்கூடியது, ஆனால் இப்போது முழு வேகத்தில் ஓடவில்லை, வேகமான இடத்தில் மாட்டவும். முதல் முறையே அதைப் பார்த்திருந்தேன். எல்லாருக்கும் சொல்கிற பொதுவான புத்திமதி என்று தள்ளிவிட்டிருந்தேன். டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்வது மாதிரி.

அண்ணனின் டார்ச்சை வாங்கி, லேப்டாப்பைச் சாய்த்து, கேபிளின் நீளத் தலையைச் சொருகியிருந்த துளைக்குள் அடித்துப் பார்த்தேன். உள்ளே வெளிர் மஞ்சளாக ஏதோ அப்பிக் காய்ந்திருந்தது. ஓரத்தில் லேசான சிவப்பு.

"எறும்பு கூடு கட்டியிருக்கா?" என்றார் மாமா.

அண்ணி குனிந்து பார்த்தார். "சந்தனம்," என்றார்.

அந்த வருட ஆயுத பூஜையை இந்த ஊரில் எல்லாரும் செய்கிற மாதிரிதான் அண்ணனும் செய்திருக்கிறார். ஸ்கூட்டருக்கு வாழைக்கன்று, சுவிட்ச் போர்டுக்குப் பொட்டு, டிவிக்குப் பொட்டு, கிரைண்டருக்குப் பொட்டு. லேப்டாப்பை மட்டும் விடுவாரா? மேல்மூடியில் வைத்த பொட்டைச் சாவு விழுந்த அன்று யாரோ பெரியம்மா ஈரத்துணியால் துடைத்துவிட்டார். துக்க வீட்டில் எதற்குப் பொட்டு என்று. பக்கவாட்டில் வைத்ததை யாரும் பார்க்கவில்லை.

"பாப்பா விரலைப் பிடிச்சுத்தான் வெச்சாரு," என்றார் அண்ணி. "அவ ஓட்டை ஓட்டையா இருக்குன்னு உள்ள விட்டுத் தடவிட்டா. இவரும் சிரிச்சுக்கிட்டே அவர் விரலையும் விட்டாரு. அதுக்கு அப்புறம் ரெண்டு வாரம்கூட இல்ல."

துளைக்குள் நடுவே இருக்கும் இரண்டு தகடுகள் வழியாகத்தான் தகவல் போகிறது. சந்தனம் சரியாக அவற்றின் மேல் உட்கார்ந்திருந்தது. தொடர்பு அரைகுறையானதால் லேப்டாப்பும் டிஸ்க்கும் நமக்குள் வேகம் ஒத்துவராது என்று முடிவுகட்டி, பழைய காலத்து வேகத்துக்கு இறங்கிவிட்டிருந்தன. நான் ஒரு மத்தியானம் முழுக்க லினக்ஸை அறுத்து வைத்தியம் பார்த்தேன். கோளாறு ஒரு குழந்தையின் விரல் அளவு சந்தனம்.

மாமா சட்டையிலிருந்து ஊக்கைக் கழற்றினார். "இந்தா மாப்ள, சொரண்டி எடு. ஆள் வர்ற நேரம்."

"வேணாம்ணா," என்றார் அண்ணி.

"அட, லேப்டாப்பே போகப்போவுது. அதுல சந்தனம் இருந்தா என்ன, போனா என்ன?"

"போகட்டும். அங்க போயி எவனாவது சொரண்டட்டும். இந்த வீட்டுல வேணாம்."

ஊக்கு மாமாவின் கையிலேயே நின்றது. அப்போதுதான் எஸ்.பி. ரோட்டுக் கடைக்காரர் சொன்னது என் மரமண்டைக்குள் இறங்கியது. குட்டைத் தலை கரண்ட் மட்டும்தான் எடுக்கும். ஓரத்துத் தகடுகள் சுத்தமாக இருந்தால் அதற்குப் போதும். நடுவில் சந்தனம் இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. நீளத் தலையைச் சுத்தமான துளைக்கும் குட்டைத் தலையைச் சந்தனத் துளைக்கும் மாற்றினேன். கேபிள் எட்டாமல் டிஸ்க்கை ஒரு பக்கம் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். நகலெடுக்கச் சொன்னேன். பழைய ஏற்பாட்டின்படி, துளித்துளியாக எழுதச் சொல்லித்தான். இன்னொரு முறை ஏமாற எனக்குத் தெம்பில்லை.

மீதி நேரம் இறங்கியது. மணிகள் போய் நிமிஷங்கள் வந்தன. இந்த முறை நான் குதிக்கவில்லை, வாயையும் திறக்கவில்லை. கண்ணில் மட்டும் என்னவோ. கை இரண்டும் டிஸ்க்கைப் பிடித்திருந்ததால் துடைக்க முடியவில்லை.

பாதியில் கம்பெனி ஆள் வந்துவிட்டார். கன்னடக்காரர், இளைஞர், செருப்பைக் கழற்றும்போதே சங்கடமாக நெளிந்தார். என்னையும் நான் ஆரத்தித் தட்டு மாதிரி ஏந்தியிருந்த டிஸ்க்கையும் பார்த்தார்.

"சார், இன்னும் ஆகலியா?"

"ஸ்வல்ப இருங்க. கொஞ்ச நேரத்துல முடிஞ்சுடும்."

"பரவாயில்ல சார், ஆகட்டும். நான் வெளிய நிக்கறேன்." பிறகு அண்ணியிடம் திரும்பி, "மேடம், சார் எனக்குத் தெரியும். லிஃப்ட்ல பார்த்தா சிரிப்பாரு. ஜாஸ்தி பேசமாட்டாரு," என்றார்.

அண்ணி தலையை ஆட்டினார்.

எல்லாம் ஏறியது. வேண்டும் என்றது, வேண்டாம் என்றது, எல்லாம். டிஸ்க்கைப் பிரிக்கச் சொன்னேன். பிரித்ததாகச் சொன்னது. நீல விளக்கு அடங்கும் வரை அப்படியே நின்று, பிறகுதான் கேபிளை எடுத்தேன். கம்பெனி ஆள் லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு, பழக்கத்தில் "பர்த்தீனி" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். வருகிறேன் என்று அர்த்தம். சாவு வீட்டில் சொல்லக் கூடாது. யாரும் கண்டுகொள்ளவில்லை. அண்ணி பால்கனிக்குப் போய், அந்தப் பை தெருமுனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

டிஸ்க் பீரோவுக்குள் போனது. மூன்று மாதம் அதை யாரும் தொடவில்லை. போட்டுப் பார்க்கலாமா என்று கேட்க எனக்குத் தைரியமில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணி பாப்பாவைக் கூட்டிக்கொண்டு மல்லேஸ்வரத்தில் என் வீட்டுக்கு வந்தார். கைப்பையில் டிஸ்க்கை ஒரு பட்டுத்துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். பாப்பா வெளியே வராந்தாவில் விளையாடப் போய்விட்டாள். என் கம்ப்யூட்டரில் சத்தம் நன்றாக வரும்.

அன்று அண்ணி முதலாவதாகத் தேர்ந்தெடுத்த வீடியோவையே போட்டேன். கப்பன் பார்க். பாப்பா கேமராவைப் பார்த்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறாள். பின்னாலிருந்து ஒரு குரல் கழுதை மாதிரிக் கத்துகிறது, பிறகு ரயில் மாதிரிக் கூவுகிறது, பிறகு பாப்பாவின் பெயரை வைத்துக் கன்னாபின்னாவென்று ஒரு பாட்டு.

என் குரல்.

அடுத்ததைப் போட்டேன். பிறந்தநாள் கேக். என் குரல். பால்கனி, என் குரல். குழந்தையைச் சிரிக்க வைக்க வேண்டுமென்றால் அண்ணன் என்னைத்தான் கூப்பிடுவார். "நீ கத்து, நான் எடுக்கறேன்" என்பார். கத்துவேன். அவர் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டிருப்பார். எனக்கே மறந்துபோயிருந்தது. அண்ணியின் நினைவிலும் கேமராவுக்குப் பின்னால் பேசியவர் அண்ணனாக மாறிவிட்டிருந்தார். அவருடைய குரல் இருந்திருக்க வேண்டிய இடத்தையெல்லாம் நான்தான் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், ஒவ்வொரு வீடியோவிலும்.

"எல்லாத்துலயும் நீங்கதான் தம்பி," என்றார் அண்ணி. கோபமாகச் சொல்லவில்லை. சிரிக்கக்கூடப் பார்த்தார். மேஜைக்கு அடியில் புகுந்துவிடலாமா என்றிருந்தது எனக்கு. ஏதாவது வேடிக்கையாகச் சொல்லி அந்த இடத்தைக் கடந்துவிடுவது என் வழக்கம். திரையில் நான் மறுபடி கழுதை மாதிரிக் கத்திக்கொண்டிருந்தேன். அதற்குமேல் நான் என்ன சொல்ல?

அன்று வேண்டாமென்று ஒதுக்கியவற்றை ஒவ்வொன்றாகத் திறந்தேன். பாப்பா தூங்குவது, சத்தமில்லை. பாப்பா எங்கேயோ பார்ப்பது, தூரத்தில் லாரி ஹாரன். கடைசியாக அந்தத் தரை.

சமையலறைத் தரை. சிவப்பு ஆக்ஸைடு. ஓரத்தில் ஒரு வெறுங்கால், அண்ணனுடையது, கட்டைவிரல் நகம் கறுத்தது. கேமரா புதிதாக வாங்கிய நாளாக இருக்க வேண்டும். எண் வரிசையில் அதுதான் முதல்.

"ஏய், இங்க வந்து பாரேன்," என்றது அண்ணனின் குரல். அவருடையதேதான், எப்போதும் பாதித் தூக்கத்தில் இருப்பதுபோல. "செவப்பு லைட் எரியுது. இது ஓடுதா இல்லியான்னு தெரியல."

அண்ணி நாற்காலியில் முன்னால் குனிந்தார்.

"ஓடுதுங்க," என்றார்.

கால் இரண்டு முறை தரையைத் தட்டியது. வீடியோ நின்றுவிட்டது. அண்ணி எழுந்து வாசலுக்குப் போய், வராந்தாவைப் பார்த்துப் பாப்பாவைக் கூப்பிட்டார்.

"உள்ள வா. அப்பா பேசறாரு, கேளு." என்னிடம் திரும்பினார். "மறுபடி போடுங்க தம்பி. சத்தத்தை ஏத்தி வைங்க."

நான் வாயை மூடிக்கொண்டு, சத்தத்தை ஏற்றி வைத்தேன்.